கையை எடுத்தும் நிற்காத சுவிட்ச்: வீட்டில் செய்த முதல் மாற்று வோல்டேஜ் வேப் கருவி குறித்த நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

2012 அக்டோபர் முதல் 2013 பிப்ரவரி வரை மேற்கு லண்டனில் நடந்தது இது. புகைப்பழக்கத்தை விட முயன்ற ஒருவர், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேப் கருவி (நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்னணு சிகரெட்) ஒன்றைத் தன் கையாலேயே செய்தார். அதைச் சரிபார்த்துக் கொடுத்தவன் நான். மின்னணுப் பொருட்களைப் பழுதுபார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. அப்படியிருந்தும் நான் பார்க்கத் தவறிய இரண்டு விஷயங்களால் ஒரு விடியற்காலையில் அவர் கையிலேயே விபத்து நடந்திருக்கலாம். லித்தியம் செல்லை வைத்து எதையாவது முதல்முறை கட்டப்போகிற யாருக்கும் இது பயன்படும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லவேண்டும். இந்தியாவில் 2019-இல் வந்த சட்டம் மின்னணு சிகரெட் விற்பதை மட்டுமல்ல, தயாரிப்பதையும் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே எழுதியிருப்பது இங்கிலாந்தில், அப்போது தடை ஏதும் இல்லாத நிலையில் நடந்தது. இது செய்முறைக் குறிப்பு அல்ல.

பின்னணி

அவருக்கு அப்போது 46 வயது. யாழ்ப்பாணத்துக்காரர். பெட்ரோல் நிலையம் ஒன்றில் இரவு வேலை. இருபது வருடத்துக்கு மேலாக ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. அதற்குப் பிறகு, அவர் சொன்னபடி, சிகரெட்டை விடக் குளிர்தான் அவரை அதிகம் வாட்டியது. 2012 வசந்தத்தில் பேனா மாதிரி இருக்கும் குழாய் பேட்டரி ஒன்றை வாங்கி, ஒரு மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் நிகோடின் உள்ள திரவத்தோடு வேப்பிங்கைத் தொடங்கினார். ஒரு பாக்கெட் நான்கைந்து சிகரெட்டாகக் குறைந்தது. அதற்கு மேல் இறங்கவில்லை.

அந்தக் குழாய் பேட்டரி தருவது ஏறக்குறைய மாறாத ஒரே வோல்டேஜ். ஆவி போதவில்லை, தொண்டையில் ஒன்றும் தெரியவில்லை என்பது அவர் குறை. வோல்டேஜை மாற்றக்கூடிய கருவிகள் கடையில் வரத் தொடங்கியிருந்தன. நல்லது வாங்குவதென்றால் அவர் வீட்டின் ஒரு வார மளிகைச் செலவைத் தாண்டும். கைவேலை தெரிந்தவர்கள் சில பவுண்டு விலையுள்ள ஒரு வோல்டேஜ் மாட்யூலை வாங்கிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துத் தாங்களே கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

அவருக்கும் கைவேலை தெரியும். 1990-களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. பேட்டரி கொண்டுவரவும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோவில் செய்தி கேட்டு வாழ்ந்தவர். பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வராது. இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை. பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர் தனியாகச் செய்த முதல் கருவி

உள்ளே இருந்தவை இவ்வளவுதான்: முராட்டா நிறுவனத்தின் ஓகேஆர்-டி/6 மாட்யூல் ஒன்று, இரண்டு 18650 செல்களை (உருளை வடிவ லித்தியம் செல்) தொடராக இணைக்கும் கூடு, திருகினால் மின்தடை மாறும் 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் குமிழ், ஒரு அழுத்து சுவிட்ச், பழைய குழாய் பேட்டரியிலிருந்து அறுத்தெடுத்த 510 இணைப்பு (ஆவியாக்கும் பகுதியைத் திருகி மாட்டும் இடம்). கம்பி, தூக்கிப்போட இருந்த போன் சார்ஜரிலிருந்து உரித்தது.

இரண்டு செல் ஏன் என்று கேட்கலாம். இந்த மாட்யூல் வோல்டேஜைக் குறைத்துத் தரும் வகை, கூட்டித் தராது. உள்ளே 4.5 முதல் 14 வோல்ட் வரை கொடுக்கலாம், வெளியே 6 ஆம்பியர் வரை தாங்கும். வெளியே 5 வோல்ட் வேண்டுமென்றால் உள்ளே அதற்கு மேல் இருக்கவேண்டும். ஒரு லித்தியம் செல் முழுதாக ஏறினாலே 4.2 வோல்ட்தான். ஆகவே தொடராக இரண்டு, மொத்தம் 8.4.

அந்த இரண்டு செல்களில் ஒன்று புதிது. அதிக மின்னோட்டம் தரக்கூடிய மாங்கனீசு வகை. இன்னொன்று பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே பருமன், ஒரே நீளம்.

அக்டோபரில் என்னிடம் வந்தபோது

"தம்பி, ரெண்டு இழுவை நல்லா வந்தது, மூண்டாவதுக்கு எரிஞ்சு போச்சு" என்று பெட்டியை மேசையில் வைத்தார். கார்டோமைசரை (திரவத்தை ஆவியாக்கும் பகுதியை) கழற்றிப் பிளந்து பார்த்தேன். சூடேறும் கம்பிச் சுருளான காயிலைச் சுற்றியிருந்த பஞ்சு நடுவில் கருகி, சர்க்கரை தீய்ந்த மணம் அடித்தது. அந்தப் புகை அவர் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. இரண்டு நாள் இருமினார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. இந்த மாட்யூலின் வோல்டேஜை நிர்ணயிப்பது ஒரே ஒரு ரெசிஸ்டர் (மின்தடை). தயாரிப்பாளர் தரும் கணக்கு எளிது: வேண்டிய வோல்டேஜில் 0.591-ஐக் கழித்து, 1.182-ஐ அந்த விடையால் வகுத்தால், வைக்கவேண்டிய ரெசிஸ்டர் கிலோ ஓமில் கிடைக்கும். 3.3 வோல்ட்டுக்கு 436 ஓம், 5 வோல்ட்டுக்கு 268 ஓம். ரெசிஸ்டன்ஸ் குறையக் குறைய வோல்டேஜ் ஏறும். அவர் 1000 ஓம் குமிழை மட்டும் போட்டிருந்தார். அதைக் கடைசிவரை திருகினால் ரெசிஸ்டன்ஸ் பூஜ்யம். 268 ஓமுக்குக் கீழே போகிற கடைசிக் கால்பகுதி முழுவதும் 5 வோல்ட்டுக்கு மேல். அதன் கடைசிப் பகுதி காயிலால் தாங்கமுடியாத இடம், மாட்யூலும் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்டியின் மேல் எந்த அளவுக் குறியும் இல்லை. "ஆவி போதாட்டி இன்னும் கொஞ்சம்" என்று திருகியிருக்கிறார்.

இரண்டாவது குறை கம்பி. 4.5 வோல்ட்டில் வைத்து, மின்சாரம் இழுக்கும் எதையும் மாட்டாமல், அதாவது சுமை இல்லாமல் அளந்தால் 4.5 காட்டியது. 2.5 ஓம் சுமை கொடுத்தவுடன் 510 முனையில் 4.1 ஆக இறங்கியது. மெல்லிய கம்பியும் சரியாகப் பற்றாத ஈயமும் 0.4 வோல்ட்டை வழியிலேயே சூடாக்கித் தின்றுகொண்டிருந்தன. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் அவர் குமிழை மேலும் திருகினார்.

திருத்தியவையும் காரணங்களும்

குமிழை 200 ஓமுக்கு மாற்றி, அதனோடு தொடராக 240 ஓம் நிலையான ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன். இப்போது ரெசிஸ்டன்ஸ் 240-க்குக் கீழேயும் 440-க்கு மேலேயும் போகாது. கணக்குப்படி 3.28 முதல் 5.52 வோல்ட். அளந்தபோது 3.25 முதல் 5.47 வந்தது. குமிழின் நடு முனையை ஒரு ஓரத்தோடு சேர்த்துப் பற்றவைத்தேன். தூசு படிந்து நடு முனை தொடர்பு விட்டுப்போனாலும் முழு 440 ஓம் நிற்கும், வோல்டேஜ் கீழேதான் இறங்கும். பழுது வந்தால் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துக் கட்டுவது எங்கள் தொழிலில் பழைய பாடம். இந்த ஒரு இடத்தில் அதைக் கடைப்பிடித்தேன்.

வோல்டேஜ் சீராக ஏறாது என்பதையும் அவரிடம் விளக்கினேன். நான்கு கால்பகுதியாகப் பிரித்து, காகிதத்தில் குறித்துப் பெட்டியில் ஒட்டினோம்: தொடக்கத்தில் 3.28, முதல் காலில் 3.62, பாதியில் 4.07, முக்காலில் 4.67, முடிவில் 5.52. வோல்டேஜை அதே எண்ணால் பெருக்கி ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் வாட் வரும். 2.5 ஓம் காயிலில் பாதித் திருகலில் 6.6 வாட், முக்காலில் 8.7, முடிவில் 12.2. முதல் காலில் ஒரு வாட்டுக்குக் குறைவாக ஏறுவது கடைசிக் காலில் மூன்றரை வாட் ஏறுகிறது. கை பழகிய இடத்தில் ஒரு சின்ன அசைவே காயிலைக் கருக்கிவிடும். முக்காலுக்கு மேலே சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். கம்பியைத் தடிமனாக மாற்றி, நீளத்தைப் பாதியாக்கி, ஈயத்தை மறுபடி வைத்தபின் 4.5-இல் வைத்தால் சுமையோடு 4.4 நின்றது.

நான் செய்யாததையும் எழுதவேண்டும். சுவிட்சைத் தொடவில்லை. அழுத்தினால் வேலை செய்தது, விட்டேன். செல்கள் இரண்டும் அன்று 4.1 வோல்ட்டுக்கு மேல் காட்டின, அதையும் விட்டேன். அவர் கேட்டது வோல்டேஜைப் பற்றி, என் கவனம் முழுக்க வோல்டேஜ் வெளிவருகிற பக்கத்திலேயே இருந்தது. பேட்டரிப் பக்கத்தை நான் ஆராயவே இல்லை. சுமை கொடுத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்திருந்தால், பழைய செல் அன்றைக்கே தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

நவம்பர்

நன்றாக ஓடியது. அவர் 4.2 வோல்ட்டைச் சுற்றியே வைத்துக்கொண்டார். மாதக் கடைசியில் நாளைக்கு ஒரு சிகரெட், அதுவும் வேலை முடிந்து வந்ததும். பெட்ரோல் நிலையத்துக்குள் இதை எடுத்துப்போவதே இல்லை என்று தானாகவே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். காரிலேயே விட்டுவிட்டுப் போவார். அது நல்ல முடிவு.

டிசம்பர்: செல்கள் விலகத் தொடங்கின

டிசம்பர் நடுவில் புதிதாக ஒரு குறை சொன்னார். காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் மாலைக்குள் ஆவி குறைகிறது. பெட்டி ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது. வரச்சொல்லி அளந்தேன். புதிய செல் 3.58 வோல்ட், லேப்டாப் செல் 2.31.

அந்த எண்ணைப் பார்த்தவுடனே வேலையை நிறுத்தியிருக்கவேண்டும். தொடராக இணைத்த செல்களில் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். கொள்ளளவு குறைந்தது முதலில் காலியாகும், பெரியது அதை இழுத்துக்கொண்டே போகும். இந்த வகை மாட்யூல் அதை இன்னும் மோசமாக்கும். வெளியே ஒரே வாட்டைத் தரவேண்டியிருப்பதால், பேட்டரி வோல்டேஜ் இறங்க இறங்க உள்ளே அதிக ஆம்பியரை இழுக்கும். 4.4 வோல்ட், 2.5 ஓம் என்றால் வெளியே 7.7 வாட். பத்தில் ஒன்பது பங்கு பயனாகிறது என்று வைத்துக்கொண்டால், 8.4 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுப்பது 5.5 வோல்ட்டில் 1.5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். களைத்த செல்லுக்குத்தான் அந்தக் கூடுதல் பாரம்.

நான் அக்டோபரிலேயே யோசித்திருக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. உள்ளே வரும் வோல்டேஜ் 4.5-க்கு இறங்கும்வரை மாட்யூல் வேலை செய்யும். இரண்டாகப் பிரித்தால் செல்லுக்கு 2.25. லித்தியம் செல்லை 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக்கூடாது. செல் கெட்டு முடிந்த பிறகும் மாட்யூல் சலிக்காமல் உழைக்கும், நிறுத்து என்று சொல்ல உள்ளே எதுவுமில்லை. குழாய் பேட்டரியில் அதற்கென்று ஒரு சின்ன சர்க்யூட் இருந்தது. நாங்கள் கட்டிய பெட்டியில் இல்லை.

"இந்தச் செல்லை மாற்றுங்க அண்ணே, ரெண்டையும் சேர்த்தே புதுசா வாங்குங்க" என்றேன். "சம்பளம் வரட்டும் தம்பி" என்றார். சரி என்றுவிட்டேன். தனித்தனியாகச் சார்ஜ் செய்யுங்கள், சூடானால் நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்தச் செல்லை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு என்னிடமிருந்த வேறொன்றைக் கொடுத்திருக்கலாம். பண்டிகை நேரம், கடையில் வேலை குவிந்திருந்தது. அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஜனவரி 2013: விடியற்காலை அழைப்பு

ஜனவரி இரண்டாம் வாரம், காலை ஆறு மணிக்கு முன்னால் போன் வந்தது. வேலை முடிந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து இரண்டு இழுப்பு இழுத்திருக்கிறார். மூன்றாவதில் விரலை எடுத்தபிறகும் சீறல் நிற்கவில்லை.

"தம்பி, கையை எடுத்திட்டன், அது நிக்குதில்லை."

குரலில் பதற்றத்தை விட ஆச்சரியமே அதிகம் இருந்தது. கார்டோமைசரைத் திருகிக் கழற்றிவிடுங்கள் என்றேன். தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார், அவ்வளவு சூடு. காரை விட்டு இறங்கச் சொன்னேன். வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம், மூடியைத் திறக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், முற்றத்துச் சிமெண்ட் தரையில் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்றேன். அப்படியே செய்தார். கதவைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளேயே இருக்கச் சொன்னார்.

மூடியைத் திறந்து செல்லை நெம்பி எடுக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சுமை உடனே நின்றிருக்கும். ஆனால் அந்தக் கூட்டில் செல்கள் இறுக்கமாக உட்காரும், எடுக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டும். இருட்டில், நடுங்குகிற கையோடு, சூடான லித்தியம் செல் பக்கத்தில் இரும்பு முனை போவது எனக்குச் சரியாகப் படவில்லை. முகத்துக்கு நேரே அது வெடிப்பதை விட, தரையில் தானாக ஓய்வதே மேல் என்று முடிவெடுத்தேன். இப்போதும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். பெட்டி அமைதியாகக் கிடந்தது. கார்டோமைசரின் பிளாஸ்டிக் மூடி உருகிச் சரிந்திருந்தது. 510 இணைப்பின் நடுவில் உள்ள காப்புப் பகுதி பழுப்பேறி ஒரு பக்கம் வீங்கியிருந்தது. யாருக்கும் காயமில்லை, அவருடைய கட்டைவிரல் நுனியில் மட்டும் லேசான சிவப்பு. இன்னும் அரை மணி நேரம் காத்திருந்து, கையுறை போட்டுத் திறந்து அளந்தேன். புதிய செல் 3.71, லேப்டாப் செல் 0.62. கூட்டினால் 4.33. மாட்யூல் தன் கீழ் எல்லைக்குக் கீழே வந்தபிறகுதான் கைவிட்டிருக்கிறது. அதுவரை அந்தப் பழைய செல்லைக் கசக்கிப் பிழிந்திருக்கிறது. சிமெண்ட் தரையின் குளிரில் அவ்வளவு நேரம் கிடந்த பின்னும், அதன் உறை பக்கத்துச் செல்லை விடத் தெளிவாகச் சூடாக இருந்தது.

எனக்குப் பயம் வந்தது அதற்குப் பிறகுதான். அவர் அந்தச் செல்லைக் கையில் உருட்டிப் பார்த்து, "சார்ஜில போட்டா எழும்பாதோ?" என்று கேட்டார். அவ்வளவு ஆழமாக இறங்கிய செல்லில் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செப்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆகலாம். நான் போகாமல் இருந்திருந்தால் அது அன்று காலை சமையலறை மேடையில் சார்ஜரில் ஏறியிருக்கும், அவர் தூங்கப் போயிருப்பார்.

இரு முனையிலும் டேப் ஒட்டி எடுத்துக்கொண்டேன். 2010 முதல் அங்கே பேட்டரியை ஓரளவுக்கு மேல் விற்கும் கடைகள் பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று விதி இருக்கிறது. அன்றே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பிரித்துப் பார்த்ததில்

சுவிட்சின் பிளாஸ்டிக் உடலைப் பிளேடால் பிளந்தேன். உள்ளே தொடுமுனைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டிய இடம் கடுகில் பாதிகூட இருக்காது. ஊசியால் நெம்பியதும் 'டிக்' என்று விட்டது. ஒரு முனையில் சின்ன மேடு, மறுமுனையில் அதே அளவுக்குப் பள்ளம், சுற்றிலும் கருப்புப் பொடி. உடலில் அச்சடித்திருந்தது: 250 வோல்ட் ஏசி, 1 ஆம்பியர்.

250 என்ற எண்ணைப் பார்த்து, 8 வோல்ட்டுக்கு இது தாராளம் என்று அவர் நினைத்திருக்கிறார். அந்த எண் இங்கே உதவாது. பேட்டரியிலிருந்து மாட்யூலுக்குப் போகும் முழு மின்னோட்டமும் இந்தச் சுவிட்ச் வழியாகத்தான் ஓடியது. அது ஒரு ஆம்பியருக்கு மேல். அதைவிட, ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மாட்யூலின் உள்முகக் கேபாசிட்டர்கள் காலியாக இருந்து ஒரே பாய்ச்சலில் நிரம்பும். கண நேரம்தான், ஆனால் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு. ஒவ்வொரு முறையும் முனையில் ஒரு பொறி. ஒரு நாளைக்கு இருநூறு அழுத்து என்றால் மூன்று மாதத்தில் பதினெட்டாயிரம் பொறி. கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அந்த மாட்யூலிலேயே இயக்கு, நிறுத்து என்று தனி முனை ஒன்று இருக்கிறது. சுவிட்சை அதில் வைத்திருந்தால் ஓடுவது மிகச் சிறிய சைகை மின்னோட்டம் மட்டும். அந்த முனையை இருவருமே காலியாக விட்டிருந்தோம்.

பெட்டியில் காற்றுத் துளை ஒன்றுகூட இல்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன். நான்கு திருகாணி போட்டு இறுக்கிய பெட்டிக்குள் செல் வாயுவைக் கக்கியிருந்தால், பெட்டிதான் சிதறியிருக்கும்.

இரண்டாவது கருவி

அவர் விடுவதாக இல்லை. விட்டால் சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. அந்த ஒரு வாரத்தில் நாளைக்கு ஆறு சிகரெட் வரை போய்விட்டார். சரி, செய்வதென்றால் என் மேசையில், என் கண் முன்னால் என்றேன்.

இந்தமுறை பேட்டரியிலிருந்து தொடங்கினோம். ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை மாங்கனீசு செல் இரண்டு, மேலே 1, 2 என்று எண், எப்போதும் சேர்ந்தே சார்ஜ், சேர்ந்தே பயன்பாடு. செல்லை விட்டதும் ஃப்யூஸ். அப்புறம் முழு மின்சாரத்தையும் துண்டிக்க, தேவைக்கு மேல் ஆம்பியர் தாங்கும் தள்ளு சுவிட்ச் ஒன்று. காருக்குள் விட்டுப்போகும்போது அதை அணைத்திருக்கவேண்டும். இழுக்கும்போது அழுத்துகிற சுவிட்ச் சின்னது, இயக்கு முனைக்கு மட்டும். அந்த முனையை ஒரு ரெசிஸ்டரால் சர்க்யூட்டின் தரையோடு (பேட்டரியின் எதிர்முனையோடு) கட்டியதால் கம்பி அறுந்தாலும் கருவி அணைந்தே நிற்கும். பேட்டரி வோல்டேஜ் 6.4-க்குக் கீழே போனால் மாட்யூலை நிறுத்திவிடும் ஒப்பீட்டுச் சர்க்யூட் ஒன்றை நான் தனியாகக் கட்டிச் சேர்த்தேன். செல்களின் இரு ஓரத்திலும் பெட்டியில் துளை.

சோதனையில்தான் பெரிய மாற்றம். முதல் கருவியின் சோதனைச் சுமை அவருடைய நுரையீரல். இந்தமுறை 2.2 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அலுமினியத் தகட்டில் திருகி, 510 முனையில் மாட்டி, பத்துப் பத்து நிமிடமாக ஓடவிட்டோம். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு இரு செல்லையும் தனித்தனியாக அளந்து அவரே நோட்டில் எழுதினார். கடைசிவரை இரண்டுக்கும் இடையே 0.03 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. 6.4-இல் தானாக நின்றது. அதன் பிறகே கார்டோமைசர்.

பிப்ரவரி கடைசியில் எடுத்துப்போனார். அந்த ஆண்டு முழுக்க அது ஓடியது. மார்ச்சுக்குப் பிறகு சிகரெட் வாங்கவில்லை. நிகோடின் 18-இலிருந்து 12, பிறகு 6. 2014-இல் கடையில் கருவிகள் மலிந்து, ஷார்ட் காப்பும், பத்து விநாடிக்கு மேல் அழுத்தினால் தானாக நிற்கும் ஏற்பாடும் உள்ளேயே வரத் தொடங்கியதும், ஒன்றை வாங்கிக்கொண்டு கைப்பெட்டியை ஓய்வில் வைத்தார்.

இன்று யாராவது கேட்டால்

செய்யாதீர்கள் என்பேன். 2012-இல் அவருக்கு இருந்த காரணம் இன்று இல்லை. இங்கிலாந்தில் 2016 மே முதல் இந்தப் பொருட்களுக்கென்று விதிகள் இருக்கின்றன. திரவத்தில் நிகோடின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, தொட்டி 2 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது. விதிக்கு உட்பட்டு விற்கும் கருவியில் இருக்கும் காப்புகள் எல்லாவற்றையும் மேசையில் கட்டி முடிப்பதற்குள், அதன் விலையைப் போல இரண்டு மடங்கு செலவாகிவிடும். புகைக்காதவர் இதைத் தொடவே தேவையில்லை.

வோல்டேஜைக் கூட்டிக்கொண்டே போவதைப் பற்றியும் அன்று எங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு ஆய்வுக் கடிதம், மாற்று வோல்டேஜ் கருவியின் ஆவியைச் சோதித்தது. 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை (புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்) வெளியிடும் சேர்மங்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டன. 5 வோல்ட்டில் அந்தக் காயில் காய்ந்து கருகியிருக்கும், மனிதர் யாரும் அப்படி இழுக்கமாட்டார் என்று மறுத்தவர்களும் உண்டு. எங்கள் நிகழ்வில் மனிதர் ஒருவர் அப்படி இழுத்தார். குறியில்லாத குமிழ் கையில் இருந்தால் இழுத்துவிடுவார்கள். ஆகவே காயில் என்ன ஓம் என்று பார்த்து வாட் கணக்கிட்டு, கீழிருந்து தொடங்கியிருக்கவேண்டும்.

டிசம்பரில் 2.31 என்ற எண்ணைப் பார்த்த அன்றே பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கக்கூடாது. இதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

பிற்சேர்க்கை

2025 ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் விற்பனைக்குத் தடை வந்தது. அதையொட்டி அவர் மருமகன், நண்பர்களிடம் சேர்ந்த பழைய வேப்களை உடைத்து எடுத்த செல்களைப் பையில் கட்டிக்கொண்டு வந்தான். பவர் பேங்க் கட்டப்போகிறானாம். அவர் என்னை வரச்சொன்னார். நான் போவதற்குள் செல்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார். 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டியவை தனியாக ஒரு பீங்கான் கிண்ணத்தில், முனைகளில் டேப்போடு இருந்தன. இருபத்தேழில் பதினொன்று. "இதுகள் கடைக்குப் போகட்டும் தம்பி" என்றார். மிச்சம் பதினாறையும் சுமை கொடுத்துப் பார்க்க, என் 2.2 ஓம் ரெசிஸ்டரைக் கொண்டுவந்தாயா என்று கேட்டார்.